முளைக்காத பல்லின் அகலம்

ஈறுக்குள் கிடக்கும் ஒரு பல், வெளியே வருவதற்கு இரண்டு வருடம் முன்பே, எத்தனை மில்லிமீட்டர் அகலம் இருக்கும் என்று சொல்வது நான் பார்த்த வேலைகளில் ஒன்று. பெண் பார்க்கப் போன இடத்தில் இதைச் சொன்னபோது, மாமனாராக வரவிருந்தவர், அப்படியானால் மழை எப்போது வரும் என்றும் சொல்வீர்களா என்று கேட்டார். மழை விடாத அட்டனில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் தேவையில்லை. ஆனாலும் பெண்ணைக் கொடுத்தார்.

போன மாதம், நகரத்தில் புதிதாகப் பல் ஆஸ்பத்திரி திறந்திருக்கும் இளம் டாக்டரம்மா ஒருவர் என்னைக் கூப்பிட்டு அவருடைய இயந்திரத்தைக் காட்டினார். பிள்ளையின் தாடைக்குள் ஒளிந்திருக்கும் பல்லெல்லாம் கணினித் திரையில் நிறம் நிறமாகத் தெரிகிறது. சுண்டினால் சுற்றிக்கூடக் காட்டுகிறது. நீங்கள் அந்தக் காலத்தில் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். ஒரு கவராயம், ஒரு அட்டை என்றேன். பெரியவர் ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்ததும், இதையெல்லாம் எழுதி வையுங்கள் ஐயா என்றார். எழுதச் சொன்னவர் கருவிகளைப் பற்றி எதிர்பார்க்கிறார் என்று தெரியும். கருவிகளில் ஒரு குறையும் இருக்கவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடை அறையில் வேலை செய்தார். நானும் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு அதே அறையில் இரண்டு வருடம் தூள் சலித்தேன். எந்தத் தூள் எந்தக் கண்ணியில் இறங்கும், எது மேலே தங்கும் என்று கையில் அள்ளிப் பார்த்தே சொல்லுவேன். ஆனால் எனக்கு வெள்ளைச் சட்டை போட்டு வேலை பார்க்க ஆசை. அரசாங்க ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலைக்கு மனுப் போட்டேன். நாடு சுதந்திரம் அடைந்த கையோடு, இந்தியாவிலிருந்து வந்த பரம்பரை என்று, எங்கள் ஆட்களின் பிரஜாவுரிமை ஒரு சட்டத்தில் காணாமல் போயிருந்தது. மனுவைத் திருப்பிக் கொடுத்த சிங்களக் கிளாக்கர் நல்ல மனிதர். பிரஜாவுரிமை கிடைத்ததும் வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்றார். கிடைத்தது. அப்போது நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன்.

பல் டாக்டரையா அட்டன் நகரத்தில் தனியாகத் தொழில் பார்த்தவர். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கிலாந்தில் படித்தவர். அவர் பெயர் இந்தக் கட்டுரைக்கு வேண்டாம், டாக்டர் என்றே சொல்கிறேன். அவர் ஆளெடுக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனபோது என் படிப்பைப் பற்றியோ பிரஜாவுரிமையைப் பற்றியோ கேட்கவில்லை. மேசையில் மூன்று பாற்பற்களை வைத்து, பெரியது எது என்று கேட்டார். மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தன. நடுவில் இருப்பது என்றேன். அளந்து பார்த்துவிட்டு, அடுத்த நாள் காலையில் வரச் சொன்னார். இரண்டு வாரத்தில் அச்செடுக்கக் கற்றுக்கொண்டேன், ஒரு மாதத்தில் பிளாஸ்டர் கலக்க. மிச்சத்தைப் பதினாறு வருடமாகத் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டேன்.

திட்டு என்றால் சத்தம் போட மாட்டார். கண்ணாடியைக் கழற்றி, கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் துடைப்பார். துடைக்கிற நேரத்தை வைத்து நம்முடைய குற்றம் எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு முறை நான் ஒரு அச்சைக் கீழே போட்டு உடைத்தபோது கண்ணாடியின் இரண்டு வில்லையையும் ஐந்து நிமிடம் துடைத்தார். எல்லாரையும் 'நீர்', 'உமக்கு' என்றுதான் பேசுவார், துரைமார் வந்தால் மட்டும் ஆங்கிலம். வாயைப் பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். பஸ் ஸ்டாண்டில் தன்னுடைய நோயாளி எதிரே வந்து கும்பிட்டால் யாரென்று தெரியாமல் விழிப்பார். அந்த ஆள் பதில் சொல்ல வாயைத் திறந்ததும், ஓ, மேல்வரிசை இடதுபக்கம், என்று முகம் மலர்வார். எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். நானும் அப்படியே ஆகிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

அந்த அட்டை வந்தது ஐம்பதுகளின் நடுவில். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றிலிருந்து ஒரு அட்டவணையை வெட்டி, காலண்டர் அட்டையில் ஒட்டி, அதன் மேல் கண்ணாடித்தாள் போட்டு, சட்டமடித்து, அளக்கும் மேசைக்கு மேலே மாட்டினார். அவர் வீட்டில் சாமி படத்துக்கு அவ்வளவு நல்ல சட்டம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. எங்கேயோ குளிர்நாட்டில் யாரோ நிறையப் பிள்ளைகளின் வாயை அளந்து, கீழ்வரிசை முன்பற்கள் நான்கின் அகலத்தைக் கூட்டினால், பின்னால் வரப்போகும் கோரைப்பல்லும் அதற்கடுத்த இரண்டு பற்களும் எவ்வளவு அகலம் இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அட்டவணையின் இடப்பக்க வரிசையில் வந்த பல்லின் அளவு, வலப்பக்க வரிசையில் வரப்போகும் பல்லின் அளவு. நம்முடைய பிள்ளைகளுக்கும் இது சரியாக இருக்குமா ஐயா என்று ஒரு தடவை கேட்டேன். அளவு எல்லாருக்கும் அளவுதான் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றப் போனார். நான் பிளாஸ்டர் கலக்கப் போய்விட்டேன்.

வேலை இப்படி நடக்கும். ஒரு பொடி, தண்ணீர் விட்டுக் குழைத்தால் கஞ்சி மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்தில் இறுகும். அட்டன் குளிரில் பச்சைத் தண்ணீர் விட்டால் இறுகவே இறுகாது, பிள்ளை அதற்குள் ஒரு பாட்டம் அழுது முடித்துவிடும். அதனால் தண்ணீரை மணிக்கட்டில் விட்டுப் பார்க்கும் அளவுக்குச் சுடவைப்பேன். கரண்டி போன்ற தகரத் தட்டில் அதை நிரப்பிக் கீழ்த்தாடையில் அழுத்துவேன். பிள்ளைக்குக் குமட்டிக்கொண்டு வரும். வலது காலைத் தூக்கு, கட்டைவிரலையே பார், மூக்கால் மூச்சு விடு என்று சொல்வேன். கால்விரலைப் பார்த்துக்கொண்டே வாந்தியெடுத்த பிள்ளை என் அனுபவத்தில் இரண்டுதான்.

இறுகியதும் அச்சைக் கழற்றி, எச்சிலைக் கழுவி, அதற்குள் பிளாஸ்டரைத் துளித்துளியாக விட்டு, காற்றுக் குமிழ் தங்காமல் மேசையில் தட்டிக்கொண்டே நிரப்ப வேண்டும். மழைக்காலத்தில் காய ஒரு நாள் எடுக்கும். காய்ந்தால் பிள்ளையின் தாடை வெள்ளையாகக் கையில் இருக்கும். இரண்டு பக்கமும் ஊசி வைத்த கவராயத்தால் முன்பல் ஒவ்வொன்றின் அகலத்தையும் எடுத்து, ஒரு அட்டையில் குத்தி, குத்துகளுக்கிடையே உள்ள தூரத்தை அளவுகோலில் படித்து, நான்கையும் கூட்ட வேண்டும். பிறகு மேலே பார்த்தால் கண்ணாடித்தாளுக்குள் பதில் இருக்கும். வரப்போகும் மூன்று பற்களுக்குத் தேவையான இடம் அது. தாடையில் இருக்கும் இடத்தை அளந்து இரண்டையும் ஒப்பிட்டால் முடிந்தது. இடம் இருந்தால் பிள்ளை வீட்டுக்குப் போகலாம். இடம் போதாதென்றால், முதலில் பாற்பற்களை எடுத்து, பின்னால் வரும் நல்ல பற்களிலும் நான்கைப் பிடுங்கி, மிச்சத்துக்கு வழிவிட வேண்டும். தொடங்கினால் நடுவில் நிறுத்த முடியாத வேலை அது. அதனால் டாக்டருக்கு ஒரு கட்டாய வழக்கம் இருந்தது. பிடுங்குவதற்கு ஒரு வாரம் முன்பு மறுபடியும் அச்செடுத்து மறுபடியும் அளப்போம். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால்தான் ஊசி.

நாங்கள் சொன்ன பல் சொன்னபடி வந்ததா என்று தெரிந்துகொள்வதுதான் கஷ்டம். பல் முளைக்கும்வரை யார் காத்திருப்பார்கள்? குடும்பம் வேறு தோட்டத்துக்கு மாறிவிடும், சிலர் இந்தியாவுக்கே போய்விடுவார்கள். கந்தப்பளையில் ஒரு ஆசிரியரின் மகன் மட்டும் இரண்டு வருடம் கழித்துத் தானாக வந்தான். அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அன்றைக்கு டாக்டர் எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார், தன் கையால்.

இனி அந்தப் பிழைக்கு வருகிறேன்.

மஸ்கெலியாப் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் துரை, தன் மகளின் பல்லை டாக்டர் நேராக்கிய சந்தோஷத்தில், தொழிலாளர் பிள்ளைகளையும் பார்க்க ஏற்பாடு செய்தார். குடும்பத்துக்கு ஒரு பிள்ளை. தோட்டத்து மருந்தறை டிஸ்பென்சர் பிள்ளையின் பெயரை எழுதித் துண்டுச் சீட்டு கொடுப்பார், துண்டோடு வந்தால் வைத்தியம். அப்படி வந்தவள் பார்வதி. பத்து வயது. அவளுடைய அம்மா அழகம்மா, பஸ்ஸில் குமட்டிய களைப்போடு, துண்டைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்தார். பிள்ளைக்கு நீலச் சட்டை, நீல ரிப்பன். நான்தான் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தேன். கட்டைவிரலைப் பார்க்கச் சொன்னதும் பார்த்தாள், அழவில்லை. முன்பற்கள் நான்கும் சேர்த்து இருபத்துநான்கு மில்லிமீட்டர். வரப்போகும் மூன்றுக்கும் இருபத்திரண்டு வேண்டும் என்றது அட்டை. இருந்த இடம் பத்தொன்பதரை. டாக்டர் தலையை ஆட்டினார். ஆறு மாதம் கழித்துப் பிடுங்கத் தொடங்கலாம் என்று அழகம்மாவிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

ஆறு மாதம் கழித்து அதே துண்டு வந்தது, அதே நீலச் சட்டை, அதே ரிப்பன், அதே அழகம்மா. பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்தேன். வழக்கப்படி மறு அச்செடுத்தேன். அடுத்த நாள் அளந்தால் முன்பற்கள் நான்கும் சேர்த்து இருபத்திரண்டுதான் வந்தது.

தாடை வளரும், இடம் மாறும், அதெல்லாம் நடப்பதுதான். முளைத்த பல்லின் அகலம் மாறாது. ஆறு மாதத்தில் இரண்டு மில்லிமீட்டர் தேய்வதற்கு அந்தப் பிள்ளை கருங்கல்லைக் கடித்திருக்க வேண்டும். டாக்டரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றினார். நீண்ட நேரம் துடைத்தார்.

"பிளாஸ்டர் சுருங்கியிருக்கு. நீர் தண்ணியைக் கூட விட்டிட்டீர்."

நான் அளந்துதான் விட்டிருந்தேன். பழைய அச்சு அவர் கண்முன்னால் எடுத்தது, அதுதான் சரி, இது செல்லாது என்று, தன் வழக்கத்தையே மீறி முடித்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை பாற்பற்களை எடுக்கலாம். அதோடு இன்னொன்றும் சொன்னார். இப்படிப் பிளாஸ்டர் கலக்கிறவரை வைத்துக்கொண்டு தொழில் செய்யலாமா என்று தான் யோசிக்க வேண்டும் என்றார். எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். அரசாங்கத்தில் வேலை கிடையாது, சல்லடை அறையில் என் இடத்தில் வேறு ஆள். மாமனாரிடம் போய் பிளாஸ்டர் சுருங்கிவிட்டது என்று சொல்வதை நினைத்துப் பார்த்தேன்.

அந்த வாரம் முழுக்க என்னை நான் காப்பாற்றிக்கொள்வதற்காகத்தான் அளந்தேன், பிள்ளைக்காக இல்லை. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. அதே பிளாஸ்டரை அதே தண்ணீரில் கலந்து ஒரு கட்டி வார்த்து, காய முன்னும் பின்னும் அளந்தேன். முடியளவும் சுருங்கவில்லை. பழைய அச்சை மூன்றாம் தரம் அளந்தேன், இருபத்துநான்கு. புதியதை அளந்தேன், இருபத்திரண்டு. வெள்ளிக்கிழமை சாயந்திரம்தான், எண்களை மறந்துவிட்டு, இரண்டு அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சும்மா பார்த்தேன். பழையதில் வலது ஓரத்து முன்பல் உள்பக்கம் திரும்பியிருந்தது. புதியதில் வலது ஓரம் நேராக இருந்தது, இடது ஓரம் திரும்பியிருந்தது. பல் தேய்ந்ததென்றே வைத்துக்கொண்டாலும், தேய்ந்த பல் எதிர்ப்பக்கம் குடிபோகாது. ஒரு வாரமாக இரண்டும் என் கைக்கு நடுவில்தான் இருந்தன. நானும் டாக்டரும் அளந்தோமே தவிர, ஒருவரும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலையில் பிள்ளை நாற்காலியில் இருந்தாள். நீலச் சட்டை. ஊசி கொதிநீரில் குலுங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார், அது ஐந்து நிமிட வேலை. நான் முதல்முறையாக அவளுடைய முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் சின்னதாக ஒரு அம்மைத் தழும்பு. அது முன்பும் இருந்ததா? எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. பெயரென்ன என்று கேட்டேன். பார்வதி என்றாள், வகுப்பில் ஒப்பிக்கிற மாதிரி. கதவோரம் நின்ற அழகம்மா தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்ததும் வேறு விதமாகக் கேட்டேன்.

"ஒங்க அக்கா எங்க பாப்பா?"

"கொழுந்தெடுக்கப் போயிருக்கா."

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு ஊசியை எடுத்துவிட்டார். அதுவரை அவர் செய்வதை நிறுத்துங்கள் என்று நான் சொன்னதில்லை, வேறு யாரும் சொல்லி நான் கேட்டதும் இல்லை. ஐயா, இது வேற வாய் என்றேன். அப்படித்தான் வந்தது வார்த்தை. வேறு பிள்ளை என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு அச்சையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, திரும்பிய பல்லைத் தொட்டுக் காட்டினேன். அவர் அச்சைப் பார்த்தார், பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், மறுபடி அச்சைப் பார்த்தார். ஊசியைத் தட்டில் வைத்தார்.

அழகம்மா அழத் தொடங்கினார். டாக்டர் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

"துண்டு ஒண்ணுதாங்க சாமி, புள்ளைங்க ரெண்டு. பெரியவ பேர் பதிஞ்சு மலைக்குப் போறா, அவளால வர முடியாது. சின்னவளுக்கும் பல்லு கோணலாத்தானே இருக்கு, துண்டு வீணாப் போவானேன்னு கூட்டியாந்துட்டேன்."

பேர் பதிவதென்றால் தோட்டத்தின் செக்ரோலில் வேலையாளாகப் பெயர் ஏறுவது. பார்வதிக்குப் பத்தரை வயது, தோட்டத்துக் கணக்கில் பன்னிரண்டு. அக்காளுக்கு வந்ததைத் தங்கைக்குப் பயன்படுத்துவது அழகம்மா வீட்டில் எல்லாவற்றுக்கும் உள்ள முறை. அந்த நீலச் சட்டை உட்பட. போர்வையை இருவரும் மாற்றி மாற்றிப் போர்த்திக்கொள்வதுபோல, வைத்தியத்தையும் பகிர்ந்துகொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். யாரும் அவரிடம் அப்படி முடியாதென்று சொல்லியிருக்கவில்லை. அளவெடுத்த விஷயத்தை நான் சொன்னபோதும், அது என்னவோ சட்டை தைக்கிற அளவுபோலத்தான் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

டாக்டர் என்ன சொல்லப்போகிறார் என்று நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"அப்ப பிளாஸ்டர் சுருங்கேல்லை," என்றார் என்னிடம்.

பதினாறு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே மன்னிப்பு அதுதான். அந்த நேரத்தில் எனக்கு அது போதுமாக இருந்தது. வேலை தப்பியது, மானம் தப்பியது. சின்னவளின் நல்ல பற்கள் நான்கும் தப்பின என்பது பஸ் ஸ்டாண்டுவரை அவர்களைக் கொண்டுபோய் விட்டபோதுதான் மனதில் பட்டது. அவள் பெயர் காமாட்சி. அவளுடைய சொந்த அளவின்படி தேவை இருபத்தொன்று, இருந்த இடம் இருபத்தொன்றரை. ஒன்றும் செய்யத் தேவையில்லை, தானாகவே வரிசைக்கு வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரியவளைத்தான் கூட்டிக்கொண்டு வரவேண்டும், தாமதிக்கக் கூடாது, பற்கள் வந்துவிட்டால் பிறகு தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று இரண்டு தடவை சொன்னார். அழகம்மா ஆகட்டும் சாமி என்றார். ஆகட்டும் என்றால் ஆகாது என்று எனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியாது.

இரண்டு மாதமாக யாரும் வரவில்லை. தோட்டத்துத் துரைக்கு டாக்டர் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். நல்ல கடிதம், கணக்கெல்லாம் போட்டிருந்தார். பதிலும் மரியாதையான பதில். தோட்டத்தின் பல் வைத்திய ஏற்பாடு பிள்ளைகளுக்கானது, மேற்படி பார்வதி செக்ரோலில் உள்ள தொழிலாளி, ஆகவே பிள்ளையல்ல, வருந்துகிறோம். டாக்டர் அதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். வேலை நாளில் அவளை அனுப்ப முடியாது, சனிக்கிழமையும் வேலை நாள். வாசித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்தார். யார் மேல் கோபம் என்று கண்டுபிடிக்க முடியாத துடைப்பு அது.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வேலையில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் கதவு பூட்டியிருக்கும். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறக்கலாமே ஐயா, நான் போய் அவளைக் கூட்டி வருகிறேன் என்று கேட்க எனக்குத் தோன்றியது. நாக்கு நுனிவரை வந்தது. ஒரு தடவை அவரை நிறுத்தியாயிற்று, அந்த வருடத்துக்கு அந்தத் துணிச்சலே அதிகம் என்று விட்டுவிட்டேன். கேட்டிருந்தால் திறந்திருப்பாரா? திறந்திருப்பார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அப்படி நினைக்கும்போது எனக்கு நன்றாக இல்லை.

இரண்டு வருடம் போனது. ஒரு நாள் டாக்டர் பழைய அளவுப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பார்வதியின் பக்கத்தில் நிறுத்தினார். இந்நேரம் அந்த மூன்று பல்லும் வந்திருக்குமே என்றார். அவர் குரலில் கந்தப்பளை ஆசிரியரின் மகன் வந்த அன்றைய உற்சாகம் இருந்தது. கவராயத்தையும் வாய் பார்க்கும் சின்னக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு நீர் ஒரு நடை போய் அளந்துவாரும் என்று என்னை அனுப்பினார். அவளை எங்களிடம் வரவைக்கத்தான் முடியவில்லை, எங்கள் கவராயம் அவளிடம் போக ஒரு தடையும் இருக்கவில்லை.

மஸ்கெலியாவில் இறங்கி, தோட்டத்துக்கு நடந்து போனபோது மத்தியானக் கொழுந்து நிறுவை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். கங்காணியிடம் விஷயத்தைச் சொன்னேன். பல்லை அளக்கவா, பிடுங்கவா என்று கேட்டார். அளக்க மட்டும் என்றேன். அதற்காக அட்டனிலிருந்து வந்தீங்களாக்கும் என்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சீக்கிரம் முடியுங்க என்றார்.

பார்வதி இடுப்பில் சுற்றிக் கட்டிய சாக்குப் படங்கும், தலையில் கூடைக் கயிறுமாக வந்தாள். முகத்தைப் பார்த்தேன். இந்த முறை முதலில் முகத்தைத்தான் பார்த்தேன். வளர்ந்திருந்தாள். என்னை அடையாளம் கண்டு, சிரிக்க வந்து, சட்டென்று புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கூடையை இறக்கச் சொல்லி, தேயிலைச் செடி ஓரத்தில் ஒரு கல்லில் உட்கார வைத்தேன். வாயைத் திறக்கச் சொன்னேன். வலது காலைத் தூக்கவா அண்ணே என்று கேட்டாள். வேண்டாம், இன்றைக்கு அச்சு இல்லை என்றேன்.

மூன்று பல்லும் வந்திருந்தன, இரண்டு பக்கமும். வருவதற்குத்தான் இடமில்லை. கோரைப்பல் வரிசையை விட்டு வெளியே தள்ளி, உதட்டின் உள்பக்கத்தை உரசிப் புண்ணாக்கியிருந்தது. இரண்டாவது பல் உள்ளே நாக்குப் பக்கம் சாய்ந்திருந்தது. சாப்பிடும்போது வலிக்குமா என்று கேட்டேன். பழகிப்போச்சு என்றாள். கவராயத்தை வைத்து ஒவ்வொன்றாக அளவெடுத்து, அட்டையில் குத்தி, அளவுகோலில் படித்துக் கூட்டினேன். நம்ப முடியாமல் இன்னொரு தரம் கூட்டினேன். இருபத்திரண்டு. குளிர்நாட்டுப் பிள்ளைகளின் வாயிலிருந்து வந்த அட்டவணை, மஸ்கெலியாத் தோட்டத்துப் பிள்ளையின் வாயில் மயிரிழை பிசகாமல் பலித்திருந்தது. அதுவரை நாங்கள் சொன்னதில் இவ்வளவு துல்லியமாக எதுவும் வந்ததில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு வருடம் முன்பே எல்லாம் தெரிந்த ஆள் நான். எந்தப் பல், எவ்வளவு அகலம், எத்தனை மில்லிமீட்டர் இடம் குறையும் என்று பதிவேட்டில் என் கையெழுத்தில் இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு, என் கையிலிருந்த அட்டையை எட்டிப் பார்த்தாள்.

"நீங்க அன்னைக்கு எழுதி வச்ச மாதிரியே வந்திருக்காண்ணே?"

"வந்திருக்கு," என்றேன்.

"சரியாவா?"

"சரியாத்தான்."

அவளுக்கு அது பெருமையாக இருந்தது. ஏதோ பரீட்சையில் அவள் எங்களை ஏமாற்றாமல் பாஸ் பண்ணிவிட்டதுபோல, புறங்கைக்குப் பின்னால் சிரித்தாள். கங்காணி கூப்பிட்டார். கயிற்றைத் தலையில் போட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு, போகிற போக்கில் திரும்பி, "அப்ப டாக்டரையாவுக்கு ரொம்ப சந்தோசமா இருக்கும்," என்றாள்.

இருந்தது. சாயந்திரம் நான் இருபத்திரண்டு என்று சொன்னதும் டாக்டர் எழுந்து நின்றுவிட்டார்.